வசனம் இல்லாத படகு

தடித்த நாவல்களைச் சிபாரிசு செய்கிறவர்களில் ஒருத்தர்கூட மீன் கீறும் வேலை செய்வதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் வலது மணிக்கட்டு திரும்பவும் வீங்கி, தேத்தண்ணிப் பேணியைத் தூக்கினாலே முழங்கை வரைக்கும் சுள்ளென்று இழுத்தது. அதற்கு முதல் நாள் சல்லிக் கரைக்குப் படகு படகாகச் சூரை மீன் வந்து இறங்கியது. கருவாட்டு வாடியில் நின்ற பெண்கள் கொஞ்சப் பேர். முதுகுப் பக்கத்தால் கீறி, குடல் எடுத்து, உப்பு அடைத்து, வெயிலில் பரப்பி முடித்தபோது கத்தி பிடித்த விரல்கள் திரும்ப விரிய மாட்டேன் என்றன. அந்தக் கையோடு எண்ணூறு பக்க நாவலை நெஞ்சுக்கு மேலே பிடித்துக்கொண்டு படுத்திருந்து வாசிக்க ஏலாது. கண் சொக்கினால் புத்தகம் மூக்கில் விழும். ஒருக்கா விழுந்தும் இருக்கிறது.

என் பெயர் இன்பமலர். லிங்கநகரில் இருக்கிறேன். அப்பா துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை சுமந்தவர். அம்மா நிலாவெளி உப்பளத்தில் உப்பு வாரினவ. வீட்டில் புத்தகம் என்றால் பள்ளிக்கூடப் புத்தகம்தான். அதுவும் வருடம் முடியக் கச்சான் கடலை சுற்றப் போய்விடும். நான் கதைப் புத்தகம் வாசிக்கத் தொடங்கியதே நாற்பது தாண்டித்தான். அதில் சோகம் ஒன்றும் இல்லை. பிந்திப் பந்திக்கு வந்தவள் கெதியாகச் சாப்பிடுகிற மாதிரி வாசித்தேன், அவ்வளவுதான்.

சாப்பிட்டதைப் பற்றிக் கதைக்க ஆள் வேண்டுமே. அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்துறைமுக வீதியில் இருக்கும் வலைக்கடையின் மேல்மாடிக்குப் போவேன். கடை பஹ்மியின் மாமாவுடையது. பஹ்மி ஓட்டோ ஓட்டுகிறவன், துப்பறியும் நாவல் தவிர வேறொன்றையும் தொடாதவன். மேல்மாடி முழுக்க நைலோன் வலைக்கட்டும் மிதப்புக் கட்டையும். நடுவில் ஒரு மேசை, நாலு பிளாஸ்ரிக் கதிரை. யன்னலால் பார்த்தால் மூதூர்ப் படகு வந்து போகும் துறை தெரியும். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து இளைப்பாறிய இராசதுரை ஐயா சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வருவார். கிண்ணியாவிலிருந்து றுமானா வருவாள். தையல்காரி, முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும்.

எங்களுக்கு ரெண்டு சட்டம். ஒன்று, புத்தகத்தைப் பொதுவாகச் சொல்லக்கூடாது. ஒரு ஆளின் முகத்தைப் பார்த்து, “இது உங்களுக்கு” என்று கொடுக்க வேண்டும். மற்றது, “நல்ல புத்தகம்” என்று சொல்லவே கூடாது. வாசிக்கும்போது உனக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சோறு கரிந்ததா, புருஷனோடு சண்டை வந்ததா, அதைச் சொல். வாய் தவறி “நல்ல புத்தகம்” என்றவர் எல்லாருக்கும் பிளேன்ரீ எடுக்க வேண்டும். தொடக்கத்தில் மாதக் கணக்காக இராசதுரை ஐயாவின் பிளேன்ரீதான் குடித்தோம்.

இந்தச் சட்டத்தின்படிதான் நான் றுமானாவுக்கு அந்த எழுத்துப் பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்தேன். பெயர் ‘எழுதத் தொடங்கு, பிறகு பார்ப்போம்’. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்கிறவனிடம் கிடந்தது. சென்னையில் அச்சடித்தது. தொடக்கத்தில் இருந்த பயிற்சிகளை வாசித்தேன். “உன் வீட்டுக் கதவு திறக்கும் சத்தத்தை எழுது” என்றது ஒன்று. நான் போய்க் கதவைத் திறந்து மூடித் திறந்து பார்த்ததில் பக்கத்து வீட்டுக்காரி, “இன்பம், கதவுப் பிணைச்சல் கழண்டுட்டுதோ?” என்று கேட்டாள். அதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். சொல்லிவிட்டு, “றுமானா, இது உனக்கு” என்றேன்.

ஏன் அவளுக்கென்றால், அவள் எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் எல்லாம் வாசிக்கிறவர்கள். அவள் ஒரு புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, “இந்தக் கடைசிய நான் எண்டா வேற மாதிரி வெட்டியிருப்பன் அக்கா” என்பாள், சட்டைக் கழுத்தைச் சொல்கிற மாதிரி. அது எழுதுகிறவளின் வியாதி.

பெருநாள் தையல் முடிந்த கையோடு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனவள், பிறகு ரெண்டொரு ஞாயிறு வரவில்லை. வந்தபோது கண் உள்ளே போயிருந்தது.

“நாவல் ஒண்டு தொடங்கியிரிக்கன்,” என்றாள். “முதலாம் அத்தியாயம் எழுதுறன். வாற ஞாயிறு வாசிச்சுக் காட்டுறன். ஆனா ஒரு விசயம். என்ட வீட்டில இரிக்கிறது ஒரே ஒரு மேசை. என்ட மச்சான் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெசின் ஒண்டு தாறேன் எண்டிரிக்கார், அதை வைக்க அந்த மேசைதான் வேணும். நீங்க மூணு பேரும் இது கதைதான் எண்டு செல்லுங்க, மேசை எழுத்துக்கு. இல்லாட்டி மெசினுக்கு. மெசின் திங்கக்கிழமை காலம்பற வந்திரும்.”

“புருஷன் என்ன சொல்லுறார்?” என்று கேட்டேன்.

“அவர் கட்டாரில. மேசைல என்ன இரிந்தாலும் அவருக்கு ஒண்டுதான்.”

“நாங்கள் சரி எண்டு சொன்னா சரியாப் போயிடுமே, பிள்ளை?” என்றார் இராசதுரை ஐயா.

“ஐயா, நான் விடியவிடியத் தைச்சுப்போட்டு எழுதுறன். இது ஒண்டுக்கும் உதவாது எண்டா, எனக்கு இப்பவே தெரியவேணும். சும்மா ஆசைக்கு முதுகை முறிக்க ஏலா.”

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. எங்கள் அப்பாவும் இப்படித்தான், மூட்டையைத் தோளில் வைக்க முதல் ஒருக்கா ஆட்டிப் பார்ப்பார்.

சொன்ன ஞாயிறு வந்தது. நான் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினேன். றுமானா எல்லாருக்கும் முதல் வந்து இருந்தாள். மடியில் உருட்டிய பிரவுண் பேப்பர் ஒன்று, சட்டை அளவு வெட்டுகிற பேப்பர். எழுதிய கொப்பி எங்கே என்று கேட்க வாய் எடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டேன்.

“முதல்ல புத்தகங்கள்,” என்றாள். “என்ட கடைசியா.”

பஹ்மி எழும்பி, கசங்கிய புத்தகம் ஒன்றை இராசதுரை ஐயாவுக்கு முன்னால் வைத்தான். ‘பாலத்தடியில் மூன்றாவது செருப்பு’.

“ஐயா, இது உங்களுக்கு. இதில கொலைகாரன் ஒரு கிளாக்கர்.”

“டேய், கடைசியைச் சொல்லிப்போட்டியே!”

“இல்ல ஐயா, முதல் பக்கத்திலயே செல்லிருவான். ஏன் கொன்ட எண்டுதான் மிச்சம் முன்னூறு பக்கமும்.”

“ஏனாம்?”

“மேலதிகாரி இவர்ர பைலைத் துலைச்சுப்போட்டார்.”

இராசதுரை ஐயா புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். “அப்ப நியாயமான கொலைதான்,” என்றார்.

“வாசிக்கேக்க உனக்கு என்ன நடந்தது, அதைச் சொல்லேல்லை,” என்று பஹ்மியைப் பிடித்தேன்.

“ஸ்ராண்டில இரிந்து வாசிச்சன் அக்கா. ஒரு மனிசி வந்து ஏறி, ஆசுப்பத்திரிக்கு எண்டு செல்லி, கொஞ்ச நேரம் இரிந்து, இறங்கி, வேற ஓட்டோவில போயிட்டா. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.”

என் முறை. மெல்லிய புத்தகம் ஒன்றைப் பஹ்மிக்கு நீட்டினேன். ‘முருங்கை முறிந்த வருடம்’. “இது உனக்கு. இதில ஒருத்தரும் சாகமாட்டினம்.”

“பிறகு என்னத்துக்கு வாசிக்கிற?”

“ஒரு மனிசனும் மனிசியும் ஒரு முருங்கை மரத்தை வெட்டுறதா விடுறதா எண்டு சண்டை பிடிக்கினம். நான் வாசிச்சுக்கொண்டு சிரிச்ச சிரிப்பில பக்கத்து வீட்டுக்காரி திரும்பவும் வந்திட்டா.”

இராசதுரை ஐயா எனக்கென்று கொண்டுவந்திருந்தது ‘ஊற்றுக்கண் வரும்வரை’. ஒரு குடும்பம் கிணறு வெட்டுகிற நாவல். அது எவ்வளவு பாரம் என்று எனக்கு முதலே தெரியும். அவர் அதைப் பற்றிக் கன நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஐயா, கோவிக்கக்கூடாது. எனக்கு இப்ப இருக்கிற கைக்கு, இந்தப் புத்தகத்தைத் தூக்க ஆளொண்டு சம்பளத்துக்கு வைக்கோணும்.”

அவர் பையைத் திறந்தார். ஒன்று, ரெண்டு, மூன்று. மூன்று மெல்லிய புத்தகங்கள், மூன்றுக்கும் தடித்த மட்டை ஒட்டி, முதுகில் பேனையால் 1, 2, 3 என்று எழுதியிருந்தது.

“பைண்டிங் கடையில குடுத்து மூண்டா வெட்டுவிச்சுப்போட்டன்,” என்றார். “போன மாதமும் வீங்கினதுதானே, உங்கட கைக்கு.”

புத்தகத்தில் ஒரு ஒற்றையின் மூலையை மடித்தாலே சத்தம் போடுகிற மனிசன். “நல்ல…” என்று தொடங்கிவிட்டு வாயை மூடினேன். பஹ்மி, “பிளேன்ரீ! பிளேன்ரீ!” என்று மேசையில் அடித்தான். புத்தகத்தை அல்ல, மனிசனைத்தான் சொல்ல வந்தேன் என்று வாதாடிப் பார்த்தேன். எடுபடவில்லை. கீழே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

தேத்தண்ணி வந்த பிறகு றுமானா எழும்பினாள். பிரவுண் பேப்பரை மேசையின் ஒரு அந்தத்தில் வைத்து உருட்டி விட்டாள். அது மேசையைக் கடந்து, மற்றப் பக்கத்தால் நிலத்தில் விழுந்து, வலைக்கட்டு வரைக்கும் ஓடிப் போய் நின்றது. பென்சில் எழுத்து, நெருக்கமாக, ஒரு இடத்திலும் விடாமல். வாசிக்கத் தொடங்கினாள்.

“மூதூர்ப் படகு துறையை விட்டு விலகி, துறையில் நின்றவர்களின் முகம் சின்னதாகி, படகுக்காரன் கயிற்றை இழுத்து, எஞ்சின் இருமி, திரும்ப இழுத்து, திரும்ப இருமி, இருமலும் நின்று, நடுக் குடாவில் சத்தமெல்லாம் அடங்கி, ‘என்னப்பா, எண்ணெய் கிண்ணெய் அடிக்காம’ என்று மருந்துப் பையோடு இருந்த கிழவர் தொடங்க, ‘எண்ணெய் எல்லாம் அடிச்சுத்தான் வாப்பா, இந்தப் பிளக்கு வந்து’ என்று படகுக்காரன் இழுக்க, ‘பிளக்கெண்டா, என்ட மகன்ட பைக்கிலயும் போன மாசம்’ என்று இன்னொருவர் உள்ளே விழ, கலியாணப் புடைவை எடுக்கப் போகும் உம்மா கைப்பையைத் திறந்து, காசைத் தடவி, மூடி, மகளைப் பார்த்து, மகள் தண்ணீரைப் பார்த்து, வீட்டில் இத்தனை நாளும் வாய்க்கு வராத ஒன்று இந்தக் கடலுக்கு நடுவில் நாக்கு நுனிக்கு வந்து, ‘உம்மா, இந்த மாப்பிள்ளை எனக்கு’ என, அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஒருதரம் உறுமி, எல்லாரும் ‘ஆ’ என்று நிமிர்ந்து, உறுமல் செத்து, ‘என்ன புள்ள, மாப்பிள்ளை உனக்கு’ என்று உம்மா குனிந்து கேட்க…”

இப்படியே போனது. எங்கும் நிற்கவில்லை. படகில் இருந்த ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்லத் தொடங்கினார்கள், ஒருவரை ஒருவர் வெட்டினார்கள், கோழிக்கூடு கவிழ்ந்தது, உடுக்கிற சாரம் ஒன்றைக் கொடியாகக் கட்டி ஆட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் இடைக்கிடை வாய் திறந்தாள். ஒவ்வொரு முறையும் ஏதாவது வந்து அவள் வாயில் விழுந்தது. பஹ்மி கதிரையின் நுனிக்கு வந்துவிட்டான். றுமானா பேப்பரை இழுத்து இழுத்து, நிலத்தில் கிடந்த கடைசி முழத்துக்கு வந்தாள்.

“…மகள் உம்மாவின் கையைப் பிடித்து, அலையும் எஞ்சினும் கிழவரின் செருமலும் எல்லாம் அடங்கும் வரை பொறுத்து, மெதுவாக, ‘உம்மா, இந்த மாப்பிள்ளைய எனக்கு’”

நிறுத்தினாள். பேப்பரும் முடிந்தது.

“எனக்கு?” என்றான் பஹ்மி. “எனக்கு என்ன? வேணுமா வேணாமா?”

“அவ்வளவுதான் நானா.” பஹ்மியை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள்.

“அவ்வளவுதானா? தங்கச்சி, நான் ஓட்டோக்காரன். ஏறின ஆளை எங்கயாவது இறக்கவேணும். செல்லிப்போட்டுப் பேப்பரச் சுத்து!”

“செல்ல ஏலா நானா. சென்னா வசனம் முடிஞ்சிரும். வசனம் இல்லாமத்தான் எழுதச் செல்லியிரிக்கு.”

“ஆர் சொன்னது?” என்றார் இராசதுரை ஐயா.

“புத்தகத்தில. அக்கா தந்த புத்தகத்தில. பதினோராம் பயிற்சி.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பதினோராம் பயிற்சி வரைக்கும் போகவில்லை என்பதை அப்போது சொல்ல வசதிப்படவில்லை. றுமானா பையிலிருந்து புத்தகத்தை எடுத்து விரித்தாள். இராசதுரை ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமாக வாசித்தார்:

“‘வசனமே இல்லாமல் ஒரு முழு அத்தியாயம் எழுதுங்கள். பலவீனமான எழுத்தாளர்கள் வசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள். வசனம் ஓர் ஊன்றுகோல். அதைக் கீழே போட்டுவிட்டு நடந்து பாருங்கள்.’”

“ஊன்டுகோல் எண்டு செல்லுது,” என்றாள் றுமானா. “எனக்கு முதல்ல விளங்கல்ல. பிறகு யோசிச்சன். ஓ.எல் சோதினைக்குப் படிச்சதுதானே, எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. பயனிலை இல்லாட்டி வசனம் இல்ல. அப்ப ஒவ்வொரு இடத்திலயும் அந்தக் கடைசித் தையலப் பிரிச்சு விட்டன். சரியான கஷ்டம் ஐயா. மனிசர் கதைச்சாலும் வசனம் முடிஞ்சிருது. அதனால ஒருத்தரையும் முடிக்க விடல்ல.”

இராசதுரை ஐயா கண்ணாடியைக் கழற்றினார். அவர் உதடு துடித்தது. அழப் போகிறார் என்று நினைத்தேன், சிரிப்பு.

“பிள்ளை… இது சென்னையில அச்சடிச்ச புத்தகம். நாங்கள் பள்ளிக்கூடத்தில வசனம் எண்டு படிச்சதை அவையள் வாக்கியம் எண்டு சொல்லுவினம். அங்க வசனம் எண்டா, கதையில வாற ஆக்கள் கதைக்கிற கதை. அவன் சொன்னது, ஆக்களைக் கதைக்க விடாமல் எழுது எண்டு.”

பஹ்மி தலையில் அடித்துக்கொண்டான். “படத்தில போடுவாங்களே, கதை வசனம் எண்டு! நான் இவ்வளவு காலமும், ஒருத்தர் கதைய யோசிக்கிற, மற்றவர் அதை வசனம் வசனமாப் பிரிச்சு எழுதுற எண்டெல்லவா நினைச்ச!”

“வசனம் இல்லாமல் எழுதச் சொன்னதுக்கு,” இராசதுரை ஐயாவுக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது, “நீங்கள் வசனத்தைத் தவிர வேறொண்டும் எழுதேல்லை!”

நானும் சிரித்துவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது. கொஞ்சம் கழித்துத்தான் பார்த்தேன், றுமானா சிரிக்கவில்லை. பேப்பரை மற்ற அந்தத்திலிருந்து சுற்றத் தொடங்கியிருந்தாள். துணி அளக்கிற ஆட்களுக்கே உரிய வேகத்தில், ஓரம் பிசகாமல்.

“அப்ப பிழை,” என்றாள். “சரி. மெசின் வரட்டும்.”

“றுமானா…”

“இல்ல அக்கா. ஒரு சொல்லு விளங்காம இவ்வளவு நாளும் கண்ணக் கெடுத்திரிக்கன். இதுக்கு ரெண்டு சட்டை தைச்சிருக்கலாம்.”

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை. அந்தச் சென்னைக்காரன்மேல், வாசித்து முடிக்காத புத்தகத்தைக் கொடுத்த என்மேல். என் கையைப் பேப்பரின்மேல் வைத்தேன். நோகிற கையைத்தான் வைத்தேன், அவசரத்தில்.

“சுத்தாத. நாங்கள் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. சட்டம் இருக்கு. வாசிக்கேக்க எங்களுக்கு என்ன நடந்ததெண்டு சொல்லோணும். பஹ்மி, சொல்லு.”

பஹ்மி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினான். “ஹையர். சவாரிக்கு மூணு தரம் அடிச்சிரிக்காங்க. இது இதுக்குள்ள துள்ளினது எனக்குத் தெரியா.”

“எனக்கு,” என்று என் முழங்கையைத் தூக்கிக் காட்டினேன். சட்டைக் கை முழுக்கத் தேத்தண்ணி. அந்தப் பெண்ணின் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்குகிற மாதிரி மேசைக்கு மேலே சாய்ந்ததில் கோப்பைக்குள் முழங்கை போனது. எப்போது போனது என்று தெரியாது. “ஐயா, உங்களுக்கு?”

இராசதுரை ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். கையைக் காதில் வைத்து அது ஓடுகிறதா என்று கேட்டார்.

“பஸ் போயிட்டுது,” என்றார்.

இது சின்ன விஷயம் இல்லை. அந்த மனிசன் பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் இருக்கவே குடையை எடுத்துக் கக்கத்தில் வைக்கிறவர். நாவலின் உச்சக் கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “மிச்சம் வாற கிழமை” என்று எழும்பிப் போனவர்.

“எப்ப போனது?” என்றாள் றுமானா.

“கோழிக்கூடு கவிழேக்க எண்டு நினைக்கிறன்.” அவர் கதிரையில் சாய்ந்தார். “பிள்ளை, பயிற்சி பிழைச்சதுதான். அதை நான் மாத்திச் சொல்லமாட்டன். ஆனால் இதைக் கொஞ்சம் திருத்தி, இடைக்கிடை வசனத்தை முடிச்சு, முற்றுப்புள்ளி வைச்சால்…”

“வைக்க ஏலா ஐயா!” பஹ்மி பாய்ந்தான். “படகு இன்னும் நடுக் கடலில நிக்குது. அது கரைக்கு வராம நீங்க எப்பிடிப் புள்ளி வைக்கிற? எஞ்சின் ஓடல்ல, வசனமும் ஓடி முடியல்ல. சரியாத்தானே இரிக்கு!”

இராசதுரை ஐயா பேப்பரின் நுனியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, தொடக்கத்திலிருந்து உதடு அசைய வாசித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே யாரோ வலைக்கு ஈயக்கட்டி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஓம்,” என்றார் கடைசியில். “புள்ளி வைச்சால் படகு ஓடிடும். வேண்டாம்.” பிறகு கிளாக்கர் வேலை பார்த்தவருக்கு உரிய மாதிரி, ஒரு சொல்லுக்குக் கீழே விரலை வைத்து, “இது கதைதான். மூண்டு பேரும் ஒப்பம்,” என்றார்.

றுமானா அந்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமலே. “வசனத்தத் தவிர வேற ஒண்டும் எழுதல்லையா நான்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடேயே போனை எடுத்து மச்சானுக்கு அடித்தாள்.

“மச்சான், மெசின் வேணாம்… இல்ல, மெசினில பிழை ஒண்டுமில்ல. மேசைல இடமில்ல… ஒரு படகு நிக்குது… படகு மச்சான், படகு… எஞ்சின் பழுது… சரி, பிறகு விளங்கப்படுத்துறன்.”

போனை வைத்ததும் பஹ்மி கையைத் தட்டினான். “அப்ப அந்தப் புள்ளையும் வேணாம் எண்டுதான் செல்லப் போகுது!”

“அது மெசினுக்குச் சென்ன நானா!”

“மாப்பிள்ளைக்கு?”

“இரெண்டாம் அத்தியாயத்தில.”

பஹ்மி இராசதுரை ஐயாவை ஓட்டோவில் சாம்பல்தீவுக்குக் கொண்டுபோய் விடுவதென்று முடிவானது. படி இறங்க முதல் றுமானா எங்களை மறித்தாள். சுருட்டிய பேப்பரை அளவுகோல் மாதிரி நீட்டினாள்.

“நான் மட்டும் முட்டாளாக ஏலா. வாற ஞாயிறு நீங்க மூணு பேரும் இதே மாதிரி ஒரு பக்கம் கொண்டு வரவேணும். வசனம் இல்லாம. எங்கட வசனம், சென்னை வசனம் இல்ல. கொண்டு வந்தாத்தான் இரெண்டாம் அத்தியாயம் வாசிப்பன்.”

“சரி,” என்றோம். நான் மற்ற ரெண்டு பேரையும் விடச் சத்தமாகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு பஹ்மி கொண்டுவந்தான். ஓட்டோவில் ஏறி, “நேர போங்க, போங்க” என்று சொல்லிக்கொண்டே இருக்கிற ஒரு ஆளைப் பற்றி. இராசதுரை ஐயா முழு ரெண்டு பக்கம் கொண்டுவந்தார். “தங்களது கடிதம் தொடர்பாகவும், அதற்கு முன்னைய கடிதம் தொடர்பாகவும், அதன் இணைப்புகள் கிடைக்காமை தொடர்பாகவும்” என்று போனது. இதற்குப் பயிற்சியே தேவைப்படவில்லை என்றும், முப்பது வருடம் இதைத்தான் செய்ததாகவும் சொன்னார். பஹ்மி நிலத்தில் விழுந்து சிரித்தான். றுமானா மனமிரங்கி, வெறுங்கையோடு போன என்னை மன்னித்து, ரெண்டாம் அத்தியாயம் வாசித்தாள். படகு இன்னும் கரைக்கு வரவில்லை. அந்தப் பெண் சொன்னாளா இல்லையா என்பதை நான் இங்கே எழுதமாட்டேன். அது றுமானாவின் சரக்கு. அவள் இப்போது மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறாள்.

நானும் இருந்து பார்த்தேன். மணிக்கட்டு ஆறிய பிறகும் பார்த்தேன். “படகு வந்து, சூரையை இறக்கி, கத்தியை எடுத்து” என்று தொடங்குவேன். உடனே கை தன் பாட்டில் “கீறினேன்” என்று எழுதிவிடும். பிறகு “உப்புப் போட்டேன்.” பிறகு “வீட்டுக்கு வந்தேன்.” வாடியில் வேலை முடிந்ததா இல்லையா என்றுதான் கேட்பார்கள், நாங்கள் அப்படியே கதைத்துப் பழகிவிட்டோம். இந்தக் கதையிலும் பாருங்கள், எத்தனை முற்றுப்புள்ளி.

றுமானா ஒவ்வொரு ஞாயிறும் கையை மட்டும் நீட்டுகிறாள். நான் புத்தகத்தைக் கொடுத்துச் சமாளிக்கிறேன். அவள் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு திரும்பவும் கையை நீட்டுகிறாள்.

வசனம் இல்லாத ஒரு பக்கம். அதை நான் றுமானாவுக்கு இன்னும் கொடுக்கவில்லை.